டோஸை ரெண்டு மடங்கு ஆக்கியும் பயோவாஷ் எடுக்கலை. என்சைம் எதுலதான் கெடுது?

#1 நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க எல்லாருக்கும். சாயப்பட்டறை ஒண்ணுல நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசரா இருக்கேன். ஓடறது பனியன் துணி, சிங்கிள் ஜெர்சி. ரெண்டு வாரமா என் ஷிஃப்ட்ல பயோவாஷ் (என்சைம் போட்டுத் துணி மேல நிக்கிற பிசிறை எடுக்கறது) எடுக்கவே மாட்டேங்குது. துணியை மடிச்சு லைட்டுக்கு நேரா பிடிச்சா விளிம்புல பிசிறு பூனை முடியாட்டம் நிக்குது. பார்ட்டி ரெண்டு லாட்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

நாங்க பண்றது இதுதாங்க: பெராக்சைடு, காஸ்டிக் போட்டு 98 டிகிரில ப்ளீச். அந்தத் தண்ணியை வடிச்சு விடறது. சுடுதண்ணில ஒரு வாஷ். அசிட்டிக் ஆசிட் போட்டு பிஎச் (அமில-கார அளவு) 5. அப்புறம் 55 டிகிரில என்சைம், 45 நிமிஷம் ஓட்டம். கடைசில 80-க்கு ஏத்தி 10 நிமிஷம் வச்சு என்சைமைக் கொல்றது. துணி எடைக்கு 1 சதவீதம் போட்டுட்டு இருந்தோம். எடுக்கலைன்னதும் 2 சதவீதம் ஆக்கினேன். இம்மியளவுகூட வித்தியாசம் இல்லீங்க.

சரக்கு குடுத்தவர் சரக்குல குறையே இல்லைங்கறார். அதை நம்பாமலும் இருக்க முடியலை. ஏன்னா அதே கேன்ல இருந்து பகல் ஷிஃப்ட்காரங்க போடற லாட் கண்ணாடியாட்டம் வருது.

நான் டெக்ஸ்டைல் டிப்ளமோ. காஸ்டிக் தெரியும், சோடா தெரியும். இந்த என்சைம் கெமிக்கலா, உயிரான்னே எனக்குச் சரியாப் பிடிபடலை. அடியில இருந்து யாராவது சொல்லிக் குடுங்க.

#2 மாவரைப்பு (மதுரை)

அண்ணே, உங்க தொழில் எனக்குத் தெரியாது. வீட்டு அனுபவத்துல சொல்றேன். பால் கொதிக்கக் கொதிக்க உறை ஊத்தினா தயிர் தோயாது, உறைமோர்ல இருக்கிற உயிர் செத்துப்போகும். கை பொறுக்கிற சூடு இருக்கணும். உங்க என்சைமும் அதே கதைதான்னு நினைக்கிறேன்.

#3 பீக்கர் (ஈரோடு)

புராசஸிங் லேப்ல 14 வருஷமா இருக்கேன். பத்துக்கு எட்டு தடவை இதுக்குக் காரணம் துணியில தங்கிப்போன பெராக்சைடும் காஸ்டிக்கும்தான். ஒரே ஒரு சுடுதண்ணி வாஷ் பத்தாது. பெராக்சைடு கில்லர் (மிச்சம் நிக்கிற பெராக்சைடை உடைக்கிற சரக்கு) போடறீங்களா?

இன்னொண்ணு, பிஎச் 5-ன்னு எங்க பார்த்தீங்க? தண்ணியிலயா, துணியிலயா? பாத்-ல, அதாவது மெஷின்ல ஓடற தண்ணியில, பேப்பரை நனைச்சா 5 காட்டும். துணியோட நூலுக்குள்ள காஸ்டிக் ஒளிஞ்சிருக்கும். ஓட ஓட அது வெளிய வந்து, கால் மணி நேரத்துல பாத் 7-க்குப் போயிடும். உங்க என்சைம் அமில வகை செல்லுலேஸ்னா அங்கயே படுத்துக்கும். பிழிஞ்ச துணி மேல யுனிவர்சல் இண்டிகேட்டர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. மஞ்சள் கலந்த ஆரஞ்சுன்னா சரி. பச்சைன்னா இன்னும் ஆசிட் வேணும்.

#4 நொய்யல்கரை

பீக்கர் சார், கில்லர் முன்னாடி போட்டுட்டுதான் இருந்தோம். செலவைக் குறைக்கணும்னு நாலு மாசம் முன்ன நிறுத்திட்டாங்க. ரெண்டு ஷிஃப்ட்டுக்கும் நிறுத்தினதுதான். பகல் லாட் நல்லா வருதே, அதான் குழப்பம். துணியில பிஎச் இன்னைக்கு ராத்திரி பார்த்துட்டு எழுதறேன்.

#5 செண்பகவனம் (தஞ்சாவூர்)

கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். நொய்யல்கரை தம்பி கேட்ட முதல் கேள்விக்கே பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

என்சைம் உயிர் இல்லை. மாவரைப்பு சொன்ன உறைமோரில் இருப்பவை உயிருள்ள பாக்டீரியாக்கள். அவை தின்னும், பெருகும். ஒரு கரண்டி உறை ஒரு குண்டான் பாலைத் தயிராக்குவது அதனால்தான். என்சைம் பெருகாது. போட்டது எவ்வளவோ அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை உறுதிப்படுத்தியவர் ஜெர்மனியின் எட்வர்ட் பூக்னர். 1897-இல் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து, ஒரு செல்கூட உயிரோடு இல்லாத சாற்றை எடுத்தார். அதில் சர்க்கரையைப் போட்டதும் சாறு குமிழ் விட்டுப் புளித்தது. உயிர் இருந்தால்தான் நொதிக்கும் என்ற நெடுநாள் வாதம் அந்தக் குமிழில் முடிந்தது. 1907-இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

அப்படியானால் அது என்ன? புரதம். அமினோ அமிலங்கள் மணிபோலக் கோத்த நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலி தாறுமாறாகச் சுருண்டு கிடப்பதில்லை. ஒவ்வொரு என்சைமுக்கும் ஒரு குறிப்பிட்ட மடிப்பு உண்டு. (சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்பதை 1963-இல் வரைபடமாகப் போட்டுக் காட்டியவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் அவர் குழுவும். இன்றும் உலகில் எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் உயரும்.)

மடிந்து முடிந்ததும் அதன் மேல் ஒரு குழி உருவாகும். வேலை முழுக்க அந்தக் குழியில்தான். தேங்காய் உரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையால் உரிக்க முயன்றால் நாள் போய்விடும். நட்டு வைத்த கூர்க்கம்பியில் மட்டையைச் சரியான கோணத்தில் குத்தித் திருப்பினால் நாலு இழுப்பில் காய் தனியாக வரும். கம்பி தேங்காய்க்குள் போய்விடுவதில்லை, தீர்ந்துவிடுவதுமில்லை; அடுத்த காய்க்குத் தயாராக அங்கேயே நிற்கிறது. என்சைமும் அப்படித்தான். குழிக்குள் வந்த மூலக்கூறைப் பிடித்து, எந்த இணைப்பு உடைய வேண்டுமோ அதை வளைத்துத் தளர்த்தி உடைத்துவிட்டு, துண்டுகளை வெளியே விட்டுவிடும். ஒரு வித்தியாசம்: கம்பி அசையாது, குழி அசையும். உருண்டை பிடிக்கும் கை சோற்றைச் சுற்றி மூடிக்கொள்வதுபோல, மூலக்கூறு வந்ததும் குழி சற்று இறுகும். 1894-இல் எமில் ஃபிஷர் இதைப் பூட்டும் சாவியும் என்றார். 1958-இல் கோஷ்லண்டு அந்தப் பூட்டே சாவிக்கேற்ப வளைகிறது என்று திருத்தினார்.

வேகத்துக்கு ஓர் உதாரணம். நம் ரத்தத்தில் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற என்சைமின் ஒரு மூலக்கூறு, ஒரு நொடியில் ஏறத்தாழ 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளைக் கையாளும்.

உங்கள் கேனில் இருப்பது செல்லுலேஸ். பருத்தி நூலின் செல்லுலோஸ் சங்கிலியை வெட்டும் என்சைம். சந்தையில் வரும் அமில வகை பெரும்பாலும் ட்ரைக்கோடெர்மா என்ற பூஞ்சையிலிருந்து வருவது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையினரின் கூடாரத் துணிகள் மக்கி நைந்துகொண்டே இருந்தன. காரணத்தைத் தேடியவர்கள் பிடித்த பூஞ்சைதான் இந்த வம்சத்தின் மூத்தது. கூடாரத்தைத் தின்றதைத்தான் நீங்கள் அளந்து, நேரம் வைத்து, பனியன் துணியின் பிசிறை மட்டும் தின்ன விடுகிறீர்கள்.

#6 நொய்யல்கரை

அம்மா, கை எடுத்துக் கும்பிடறேன். 11 வருஷமா அந்தக் கேனைத் தூக்கி ஊத்தறேன், உள்ள இருக்கிறது என்னன்னு இன்னைக்குத்தான் தெரியுது.

ராத்திரி ரெண்டு லாட் பார்த்தேன். பீக்கர் சார் சொன்ன மாதிரி துணி மேல சொட்டு விட்டா லேசாப் பச்சை காட்டுச்சு. ஆசிட் கொஞ்சம் கூட்டி ஆரஞ்சுக்குக் கொண்டு வந்தேன். ஓட்டம் முடியறப்பவும் பாத் 5.2-ல நின்னுச்சு. பெராக்சைடு ஸ்ட்ரிப்ல லேசா ஒரு நிறம். அதுக்கும் இன்னொரு வாஷ் குடுத்தேன். அப்படியும் பிசிறு நிக்குதுங்க. விடிகாலை 4 மணிக்கு அந்தத் துணியைக் கையில வச்சுட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

#7 யாழ்வாணி (யாழ்ப்பாணம்)

செண்பகவனம் அம்மா, எங்கட பாடப்புத்தகத்தில இதை நொதியம் எண்டுதான் படிச்சனாங்கள். நீங்கள் அங்க நொதி எண்டு சொல்லுவியள் என்ன? எனக்கு பிஎச் விசயம் இன்னும் விளங்கேல்ல. அமிலம் கூடினால் புரதம் கெடும் எண்டால் வயித்துக்குள்ள இருக்கிற பெப்சின் எப்பிடித் தாக்குப்பிடிக்குது?

#8 செண்பகவனம்

ஆமாம் யாழ்வாணி, இங்கே பள்ளிப் புத்தகத்தில் நொதி. பட்டறையில் என்சைம். எந்தப் பெயராலும் கூப்பிடலாம்.

பிஎச் இரண்டு விதத்தில் வேலையைக் காட்டும். ஒன்று மென்மையானது. குழிக்குள் நேரடியாக வேலை செய்வது இரண்டு மூன்று அமினோ அமிலங்கள்தான். முட்டை வெள்ளைக்கருவில் லைசோசைம் என்று ஒன்று உண்டு. எக்ஸ்-கதிர் கொண்டு முழு வடிவமும் பார்க்கப்பட்ட முதல் என்சைம் அதுதான், ஆண்டு 1965. அதுவும் செல்லுலேஸ்போலச் சர்க்கரைச் சங்கிலியை வெட்டுவது. அதன் குழியில் 35-ஆவது இடத்தில் ஒரு குளுட்டாமிக் அமிலமும் 52-ஆவது இடத்தில் ஓர் அஸ்பார்ட்டிக் அமிலமும் எதிரெதிரே நிற்கின்றன. முதலாவது ஒரு புரோட்டானைக் கையில் வைத்திருந்து கொடுக்க வேண்டும். இரண்டாவது அதை ஏற்கெனவே இழந்து எதிர்மின்னோடு நிற்க வேண்டும். பிஎச் 5-ஐ ஒட்டித்தான் இருவரும் அந்த நிலையில் இருப்பார்கள். காரம் கூடினால் முதலாமவர் கையில் இருந்ததும் போய்விடும். அமிலம் மிகுந்தால் இரண்டாமவருக்கும் புரோட்டான் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் வேலை நிற்கும். செல்லுலேஸிலும் இதேபோல அமில ஜோடிதான். வடிவம் இன்னும் கெடவில்லை என்பதால் பிஎச்-ஐத் திருப்பினால் வேலையும் திரும்பும்.

இரண்டாவது முரட்டுத்தனமானது. பிஎச் வெகுதூரம் போனால் மடிப்பைப் பிடித்து வைத்திருக்கும் மின் ஈர்ப்புகளே அறுந்து சங்கிலி அவிழும். பிறகு திருப்பினாலும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வராது.

பெப்சினுக்கு வருவோம். அதன் மடிப்பே கடும் அமிலத்தில் நிலைக்கும்படி அமைந்தது. பிஎச் 2 அதற்குச் சொந்த வீடு. அது சிறுகுடலுக்குப் போய் காரப் பக்கம் வந்ததும் ஓய்ந்துவிடும். அங்கே பிஎச் 8-ஐ ஒட்டி வேலை செய்கிற டிரிப்சின் பொறுப்பெடுத்துக்கொள்ளும்.

#9 மாவரைப்பு

டீச்சர், திருத்தினதுக்கு நன்றி. அப்போ மட்டன் வேகலைன்னா பப்பாளிக்காய் போடறோமே, அது? அது கொதிக்கிற குழம்புலயும் வேலை செய்யுதே, சாகாதா?

#10 செண்பகவனம்

நல்ல கேள்வி. பப்பாளிப் பாலில் இருப்பது பப்பைன். புரதத்தை வெட்டும் என்சைம். அது வெப்பத்தைச் சற்றுத் தாங்கும் ஜாதி. 60, 70 டிகிரியில்கூட வேலை செய்யும். நாம் ஊற வைக்கும் நேரத்தைவிட, சட்டி அடுப்பில் ஏறிச் சூடாகிக்கொண்டே போகும் அந்த நேரத்தில்தான் அது கறியை மளமளவென்று வெட்டுகிறது. குழம்பு தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் அதன் கதையும் முடிந்துவிடும். அதனால்தான் கறி ஓரளவு பஞ்சானதும் நிற்கிறது.

எல்லா என்சைமுக்கும் ஒரே வெப்பம் கிடையாது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் என்சைம் 95 டிகிரியிலும் உடனே அவிழாது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த பிசிஆர் சோதனை அந்தத் தாங்கும் சக்தியால் சாத்தியமானது. ஒவ்வொன்றும் அது பிறந்த இடத்துக்கேற்ப மடிந்திருக்கிறது.

#11 பீக்கர்

நொய்யல்கரை, பிஎச், பெராக்சைடு ரெண்டும் சரிபண்ணியும் எடுக்கலைன்னா என் எட்டுல நீங்க இல்லை. இருந்தாலும் கில்லரைத் திரும்பப் போடச் சொல்லி மேனேஜர்கிட்ட பேசுங்க. அந்தப் பெராக்சைடு கில்லரும் ஒரு என்சைம்தான், கேட்டலேஸ். பெராக்சைடைத் தண்ணியாவும் ஆக்சிஜனாவும் உடைக்கிறது. வாஷ் தண்ணியை மிச்சம் பண்ணும். ஆர்ஓ தண்ணி விக்கிற விலையில அதை நிறுத்தினது கணக்குக்கே ஒத்துவரலை.

வேற எதுவும் பாத்-ல போகுதா? வெட்டிங் ஆயில் (துணியைச் சீக்கிரம் நனைய வைக்கிற சரக்கு) மாத்தினீங்களா? அயானிக் (மின்னேற்றம் உள்ள) வகை சோப்பு சிலது புரதத்தோட மடிப்பைக் கலைச்சுவிடும். நான்-அயானிக்னா பரவாயில்லை.

#12 நொய்யல்கரை

வெட்டிங் ஆயில் அதே பழசு, நான்-அயானிக்தானுங்க. மெஷின் டெம்பரேச்சர்ல சந்தேகப்பட்டுத் தனியா தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்துட்டேன். 55 காட்டினா 54 இருக்கு.

#13 மருந்துச்சீட்டு (விழுப்புரம்)

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. துணி பற்றித் தெரியாது. ஆனால் என்சைமைத் தடுப்பதுதான் எங்கள் மருந்துகளில் பலவற்றின் வேலை, அதனால் இதை எழுதுகிறேன்.

தடுப்பில் இரண்டு வகையை நேரில் பார்க்கிறோம். முதலாவது, குழிக்குப் போட்டி போடுவது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கும் மேல் இறந்தார்கள். மெத்தனாலைவிடப் பெரிய விஷம், நம் கல்லீரல் அதை மாற்றிச் செய்யும் பொருள்தான். ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற என்சைம் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடு ஆக்கும். அது ஃபார்மிக் அமிலம் ஆகும். கண் நரம்பை அடிப்பது இந்த அமிலம். சிகிச்சையில் கொடுக்கும் ஃபோமிபிசோல் அந்த என்சைமின் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மெத்தனாலுக்கு இடம் கிடைக்காது. மாறாமலேயே மெதுவாக உடலைவிட்டு வெளியேறும், டயாலிசிஸிலும் எடுத்துவிடலாம். மருந்து எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு மாற்றம் தடுக்கப்படும். தாமதமாகக் கொண்டுவந்தால் அமிலம் ஏற்கெனவே உருவாகியிருக்கும். கண் மங்குகிறது என்று சொன்ன உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று நாங்கள் தொண்டை கிழியச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, குழியை நிரந்தரமாக அடைப்பது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து நரம்பில் இருக்கும் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற என்சைமின் குழியில் ஓர் அமினோ அமிலத்தோடு ரசாயனப் பிணைப்பே போட்டுவிடும். ஆரம்ப நேரத்தில் பிராலிடாக்சிம் என்ற மருந்து அதைப் பிய்த்தெடுக்கலாம். நேரம் கடந்தால் அந்த என்சைம் போனது போனதுதான். உடம்பு புதிதாகச் செய்யும் வரை காத்திருக்க வேண்டும்.

உங்கள் துணிக்கு இதில் ஒரு துப்பு இருக்கலாம் என்று தோன்றுகிறது. தடுப்புப் பொருள் கொஞ்சமாக இருந்து பாதி என்சைம் முடங்கியிருந்தால்கூட, டோஸைக் கூட்டும்போது மீதி பாதி கூடுமே? உங்களுக்குக் கொஞ்சமும் கூடவில்லை என்கிறீர்களே.

#14 செண்பகவனம்

மருந்துச்சீட்டு, நீங்கள் சொன்னதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தம்பி, கம்பிக் கணக்குக்குத் திரும்ப வாருங்கள். களத்தில் தேங்காய் மலையாகக் குவிந்து கிடக்கிறது, 4 கம்பி நட்டிருக்கிறீர்கள். காய் இன்னும் கொண்டுவந்து கொட்டினாலும் உரிப்பது கூடாது, ஏனென்றால் 4 கம்பியும் ஓயாமல் வேலையில் இருக்கின்றன. இந்த உச்சத்தைத்தான் 1913-இல் மிக்கேலிஸும் மாட் மென்டனும் சமன்பாடாக எழுதினார்கள். மென்டன் கனடாவில் மருத்துவம் படித்த பெண், பெர்லினுக்குக் கப்பல் ஏறிப் போய் இந்த வேலையைச் செய்தார். அதே களத்தில் 4 கம்பியை 8 ஆக்கினால் உரிப்பது ஏறத்தாழ இரட்டிக்க வேண்டும். உங்கள் பாத்-ல் துணிக்குப் பஞ்சமே இல்லை. துணியில் சரக்கு ஒட்டக்கூடிய இடம் ஓர் அளவுதான் என்பதால் சரியாக இரட்டிக்காது. ஆனாலும் 1 சதவீதத்துக்கும் 2 சதவீதத்துக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வந்தே ஆக வேண்டும்.

வரவில்லை. 0-வை இரண்டால் பெருக்கினால் மட்டும்தான் அப்படி ஆகும். மெஷினுக்குள் போய் என்சைம் கெடவில்லை. மெஷினுக்கு வரும்போதே அவிழ்ந்து வருகிறது. கேனில் நன்றாக இருக்கிறது, பகல்காரர்கள் அதற்குச் சாட்சி. கேனுக்கும் மெஷினுக்கும் நடுவில் உங்கள் ஷிஃப்ட்டில் என்ன நடக்கிறது? ஒரு நிமிடத்தையும் விடாமல் எழுதுங்கள்.

#15 நொய்யல்கரை

கேன்ல இருந்து ஜக்ல அளந்து, ஆடிஷன் டேங்க்ல ஊத்தி, தண்ணி விட்டுக் கலக்கி, அங்கிருந்து மெஷினுக்கு பம்ப் பண்றோம். ஆசிட் போட்டு பிஎச் பார்த்து முடிக்கிற வரைக்கும் 15, 20 நிமிஷம் டேங்க்ல நிக்கும். அவ்வளவுதானுங்க.

#16 வின்ச்மேஸ்திரி (பல்லடம்)

தம்பி, டேங்க்ல விடற தண்ணி எந்த லைன்?

#17 நொய்யல்கரை

அண்ணா.

கை நடுங்குது எழுதறப்ப. மூணு வாரம் முன்ன ஸ்டீம் மிச்சம் பண்றதுக்காக ஹீட் ரெக்கவரி டேங்க்ல (வீணாப் போற சூட்டுல தண்ணி காயற டேங்க்) இருந்து ஆடிஷன் டேங்குக்கு ஒரு சுடுதண்ணி லைன் இழுத்தாங்க. சோடா, உப்பு கரையறதுக்கு நல்லா இருக்குன்னு எங்க பையன் எல்லாத்துக்கும் அதையே திறக்கறான். ராத்திரி ப்ளீச் லாட் நெறைய ஓடறதால அந்தத் தண்ணி கை வைக்க முடியாது. இப்பத்தான் போய் தெர்மாமீட்டர் வச்சேன். 78.

பகல் ஷிஃப்ட்ல இருக்கிற அக்கா அந்த லைனைத் தொடறதே இல்லை. பழைய பழக்கம், பக்கெட்ல குழாய்த் தண்ணி பிடிச்சுக் கரைச்சு ஊத்துவாங்க.

கடைசில 80 டிகிரில 10 நிமிஷம் வச்சு நாங்க கொல்றோம்னு முதல் பதிவுலயே நானே எழுதியிருக்கேன். அதையே ஆரம்பத்துலயும் பண்ணிட்டு இருந்திருக்கோம்.

#18 வின்ச்மேஸ்திரி

பையனைத் திட்டாதீங்க. யாரும் அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. எனக்கும் இப்படி ஒண்ணு நடந்திருக்கு, கேட்டலேஸை சுடுதண்ணில கரைச்சு.

#19 செண்பகவனம்

கண்டுபிடித்துவிட்டோம் என்று உடனே முடித்துவிடாதீர்கள் தம்பி, சோதித்துப் பாருங்கள். லேபில் ஒரே துணியில் இரண்டு துண்டு, ஒரே எடை. ஒரே கேனிலிருந்து எடுத்த சரக்கை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குழாய்த் தண்ணீரிலும் மற்றதை 78 டிகிரித் தண்ணீரிலும் 20 நிமிடம் வையுங்கள். சூட்டில் வைத்ததை ஆறவிட்ட பிறகுதான் துணியில் விட வேண்டும். அது முக்கியம். ஆறியும் வேலை செய்யாவிட்டால்தான் வடிவம் திரும்பவில்லை என்று அர்த்தம். பிறகு இரண்டுக்கும் ஒரே பிஎச், 55 டிகிரி, 45 நிமிடம். வேறு எதையும் மாற்றாதீர்கள்.

சூடு ஏன் இப்படி இரண்டு முகம் காட்டுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். வெப்பம் ஏறினால் மூலக்கூறுகள் வேகமாக முட்டிக்கொள்ளும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேலை சுமார் இரட்டிக்கும். அதே வெப்பம் மடிப்பைத் தாங்கும் மெல்லிய பிணைப்புகளையும் ஆட்டும். ஒவ்வொன்றும் நூலளவு பலம்தான், நூற்றுக்கணக்கில் சேர்ந்து பிடித்திருக்கின்றன. ஒரு கட்டத்தில் சில விட்டுக்கொடுத்ததும் மற்றவையும் சரசரவென்று விடும். முட்டை வெள்ளை வெந்து வெளுப்பது இதேதான். அது ஆறினாலும் திரும்பக் கண்ணாடிபோல ஆவதில்லை. அதனால் உகந்த வெப்பம் என்று ஒரே எண்ணைக் கல்வெட்டில் பொறித்ததுபோல எடுத்துக்கொள்ளக் கூடாது. 55 என்பது உங்கள் 45 நிமிட ஓட்டத்துக்கான எண். 5 நிமிட வேலையென்றால் இன்னும் சூடாக ஓட்டினாலும் லாபம் இருக்கலாம். 5 மணி நேர வேலையென்றால் 55-லேயே பாதி வழியில் அவிழ்ந்துவிடலாம். கூடவே ஓடும் கடிகாரத்தையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒன்று செய்து காட்டுங்கள். பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று, வேகவைத்து ஆறிய துண்டு ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவ விற்கிற நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடை இரண்டின் மேலும் சொட்டு விடுங்கள். பட்டறையில் இருக்கும் 50 சதவீதச் சரக்கைத் தொடவே கூடாது, கை வெந்துவிடும். கிழங்கில் கேட்டலேஸ் இருக்கிறது. எது நுரைக்கிறது என்று அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

#20 நொய்யல்கரை

பகல்ல தூங்காம லேப்லயே இருந்து முடிச்சுட்டேன் அம்மா. தலா 10 கிராம் துண்டு. குழாய்த் தண்ணில கரைச்சது 3 சதவீதத்துக்கு மேல எடை இறங்கிடுச்சு, துணி வழுவழுன்னு இருக்கு. சூட்டில வச்சு ஆறவிட்டது தராசுல முள் அசையலை. பிசிறு அப்படியே. ரெண்டு துண்டையும் அட்டையில பின் பண்ணி ஆடிஷன் டேங்குக்கு மேல சுவத்துல ஒட்டியாச்சு. கீழ பையன் கையாலயே எழுத வச்சேன்: 'என்சைமுக்குப் பச்சைத் தண்ணி மட்டும்.'

ராத்திரி முதல் லாட் 1 சதவீதத்துலயே எடுத்துருச்சுங்க.

வீட்டுல பாப்பா 11-ஆவது படிக்குது. பச்சைக் கிழங்கு சீறிட்டு நுரைச்சுது, வெந்தது சும்மா நனைஞ்சு கிடந்துது. 'அப்பா, இதுதான் உங்க டேங்க்ல நடந்துதா'ன்னு கேட்டுது.

ஒரே ஒரு சந்தேகம். ஷிஃப்ட் ஆரம்பத்துலயே பச்சைத் தண்ணில மொத்தமாக் கரைச்சு வச்சுக்கலாமுங்களா? ஒவ்வொரு லாட்டுக்கும் அளக்கிற வேலை மிச்சம்.

#21 பீக்கர்

வேண்டாம். கேன்ல அது கெடாம இருக்க கிளிசரால், சார்பிட்டால் மாதிரி சேர்த்திருப்பாங்க. நீங்க தண்ணி ஊத்தினதும் அந்தக் காவல் நீர்த்துப்போகும், மணிக்கணக்குல நின்னா பலம் இறங்கும். லாட்டுக்கு லாட் கரைச்சு அப்பவே போட்டுடுங்க. கேனையும் பாய்லர் பக்கம் வைக்காம நிழல்ல வைங்க. குளிர்ச்சி பத்திப் பயம் வேண்டாம், அது வேலையை மெதுவாக்கும், அவ்வளவுதான்.

#22 செண்பகவனம்

பீக்கர் சொன்னதுதான் சரி. இன்னொன்றும் கேட்க நினைத்தேன்: பயோவாஷுக்கு அடுத்து அதே மெஷினில் ரியாக்டிவ் சாயம் போடுகிறீர்களா?

#23 நொய்யல்கரை

ஆமாங்கம்மா. 60 டிகிரி, சோடா போட்டா பிஎச் 11 போகும்.

#24 செண்பகவனம்

அப்படியானால் உங்கள் அமிலச் செல்லுலேஸ் அந்த பிஎச்சிலேயே ஓய்ந்துவிடும். சாயம் போடப்போகும் லாட்டுக்கு 80-க்கு ஏற்றுகிற வேலை தேவைதானா என்று உங்கள் லேபில் இதேபோல இரண்டு துண்டு வைத்துப் பாருங்கள். சாயம் போட்ட பிறகும் எடை இறங்குகிறதா என்று அளந்தால் தெரிந்துவிடும். வெள்ளைத் துணிக்கு மட்டும் அந்தப் படியை விடாதீர்கள். அங்கே அதை நிறுத்த வேறு எதுவும் வருவதில்லை. மீந்த என்சைம் ஈரத்துணியை அரித்துக்கொண்டே இருக்கும்.

#25 நொய்யல்கரை

நாளைக்கு ராத்திரி நேவி ப்ளூ லாட் ஒண்ணு இருக்குங்கம்மா. 80-க்கு ஏத்தறதை விட்டுட்டு ஒரு துண்டு, ஏத்தி ஒரு துண்டு எடுத்து வைக்கிறேன். எடையை இங்கயே போடறேன்.